பனியனில் மஞ்சள் கறை: தொப்புளில் ஏன் கசிகிறது, எப்போது டாக்டரிடம் போவது?

என் சித்தப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 54. போன சித்திரையில் அவருடைய வெள்ளைப் பனியன்கள் எல்லாவற்றிலும் நடுவயிற்றுப் பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள் கறை இருந்தது. துவைக்கும்போது முதலில் கவனித்தது சித்திதான். "அது எண்ணெக் கறை, உடு" என்று முடித்துவிட்டார் சித்தப்பா.

அவர் சொன்னதில் பாதி உண்மை. உடம்புச் சூடு தணியட்டும் என்று தினமும் ராத்திரி படுக்கும்போது தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இது: தொப்புள் அரித்தது, நசநசவென்று ஈரமாகவே இருந்தது, சட்டையைக் கழற்றினால் புளித்த மாவு போல ஒரு வாடை அடித்தது. மருந்துக்கடையில் சொல்லி ஒரு கிரீம் வாங்கித் தடவினார். இரண்டு நாளில் அரிப்பு அடங்கியது. பத்தாம் நாள் வயிற்றில் வட்ட வட்டமாகப் படை கிளம்பியது.

"இதயெல்லாம் போயி டாக்டருகிட்டக் காட்டறதாக்கு?" என்று அப்போதும் இழுத்தார். கடைசியில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் டார்ச் அடித்துத் தொப்புளைப் பார்த்தது ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் சித்தப்பாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை 312. அதுவரை தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது.

பெரியவர்களுக்குத் தொப்புளில் கசிவு வருவது அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. வெளியே சொல்லத்தான் கூச்சம். பெரும்பாலும் அது தோலோடு முடிந்துபோகிற சின்ன விஷயம். சில சமயம் உடம்பில் வேறெங்கோ இருக்கும் கோளாறு தொப்புளில் தலைகாட்டும். எப்போதாவது, வயிற்றுக்கு உள்ளேயிருந்தே ஏதோ ஒன்று வழி தேடி வெளியே வரும். தோலில் கசிகிறதா, உள்ளேயிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. டாக்டர் டார்ச் அடித்துத் தேடுவதும் இதற்கான பதிலைத்தான்.

தூர்ந்துபோன பழைய வழிகள்

தொப்புள் ஒரு தழும்பு. தாயின் வயிற்றில் இருக்கும்போது கொடிக்குள் மூன்று ரத்தக்குழாய்கள் ஓடும். சத்தும் ஆக்சிஜனும் கொண்டுவரும் சிரை ஒன்று, கழிவை எடுத்துப்போகும் தமனி இரண்டு. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே வந்ததுதான். அதிகம் பேசப்படாத இன்னும் இரண்டு வழிகளும் உண்டு. கரு உருவாகும் தொடக்க வாரங்களில் குடலிலிருந்து ஒரு குழாயும், மூத்திரப்பையின் உச்சியிலிருந்து ஒரு குழாயும் தொப்புள் வரைக்கும் வரும். இரண்டாவதற்கு யூராக்கஸ் என்று பெயர். நாம் பிறப்பதற்குள் இவை தூர்ந்து வெறும் நாராகிவிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் ஆகிறது. சிலருக்கு முழுசாகத் தூர்வதில்லை. பழைய வாய்க்காலை மண் போட்டு மூடியபிறகும் மழைக்காலத்தில் அந்தத் தடத்தில் மட்டும் ஊற்று எடுக்குமே, அந்த மாதிரி நாற்பது வயதில்கூட அங்கே கசிவு வரலாம். இதற்குப் பின்னால் வருகிறேன்.

பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் கொடி காய்ந்து விழுந்துவிடும். விழுந்த இடத்தில் தோல், அடியில் கொழுப்போ தசையோ இல்லாமல், கெட்டியான ஒரு சவ்வோடு நேராக ஒட்டிக்கொள்ளும். தொப்பை போடப் போடத் தொப்புள் ஆழமாவது அதனால்தான். சுற்றிலும் கொழுப்பு ஏறுகிறது. நடுவில் ஒட்டின இடம் மட்டும் மேலே வருவதில்லை. சிறுவயதில் துடைத்தால் தெரிந்த அடிப்பகுதி ஐம்பது வயதில் விரல் நுழைந்தால்தான் எட்டும். வெளிச்சமும் காற்றும் படாத, எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிற குழி. வியர்வை, தோல் விடும் எண்ணெய்ப்பசை, உதிரும் செத்த தோல், சோப்பின் மிச்சம் எல்லாம் அங்கே போய்த் தங்கும்.

கிருமிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராப் டன் என்ற உயிரியலாளரின் குழு 60 பேருடைய தொப்புளில் பஞ்சு ஒற்றி எடுத்துச் சோதித்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வில் 2,368 வகை பாக்டீரியாக்கள் வந்தன. எல்லோருடைய தொப்புளிலும் பொதுவாக இருந்தது என்று ஒரே ஒரு வகைகூடக் கிடையாது. ஆய்வுக்கு வந்தவர்களில் ஒருவர் பல வருஷமாகக் குளித்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆர்க்கியா என்கிற, கொதிக்கும் ஊற்றுகளிலும் உப்பளங்களிலும் பேர்போன நுண்ணுயிர் அவருடைய தொப்புளில் குடியிருந்தது! ஆக, தொப்புளில் கிருமி இருப்பது நோய் இல்லை. அது அங்கே வழக்கமாகக் குடியிருக்கும் கூட்டம். ஈரம் தங்கினால், தோல் கிழிந்தால், சர்க்கரை ஏறினால்தான் அதில் ஒரு வகை மட்டும் பெருகி வம்பு பண்ணும்.

பஞ்சும் கல்லும்

நம் பக்கத்தில் தொப்புளில் பஞ்சு சேருவதற்குக் கேட்கவா வேண்டும்? ஸ்பின்னிங் மில்லில் வேலை, சோமனூரில் தறி, திருப்பூரில் கட்டிங் டேபிள் என்று நாள் முழுக்கப் பஞ்சுத் துகளுக்குள்ளேயே வாழ்கிற சனம் நாம். ஆனால் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் தொப்புளிலும் பஞ்சு சேரும். அது போட்டிருக்கும் துணியிலிருந்தே வருகிறது. வயிற்று முடிதான் அதற்குக் காரணம். மூச்சு விட்டு வாங்கும்போதும் நடக்கும்போதும் துணி முடியில் உரசும். முடி நூலிழையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியை நோக்கித் தள்ளும். ஆஸ்திரேலியாவின் கார்ல் க்ருஸ்ஸெல்னிக்கி இதையே ஒரு கணக்கெடுப்பாக நடத்தி 2002இல் இக் நோபல் பரிசு வாங்கினார். சிரிக்க வைத்து, அப்புறம் யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது. முடி நிறைந்த, வயதான, கொஞ்சம் பருமனான ஆண்களுக்கே அதிகம் சேருகிறது என்று அவர் கண்டார். பஞ்சு கெடுதல் பண்ணாது. குளிக்கும்போது எடுத்துவிட்டால் சரி.

எடுக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதை அம்மிச்சியிடம் பார்த்தேன். 80 வயதுக்குப் பக்கம். சேலைக் கொசுவத்தில் ரத்தமும் சீழும் கலந்த மாதிரி ஈரம். தொப்புளுக்குள் கறுப்பாக ஏதோ தெரிகிறது. மச்சமோ, புற்றுக்கட்டியோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். அறுவை சிகிச்சை டாக்டர் நிதானமாகப் பார்த்துவிட்டு, எண்ணெய்ச் சொட்டு விட்டு ஊறவைத்து, இடுக்கியால் பிடித்து மெதுவாக அசைத்து வெளியே எடுத்தார். மொச்சைக்கொட்டை அளவு, மேலே கறுப்பு, ஒடித்தால் உள்ளே பழுப்பு மெழுகு. தொட்டியில் விழுந்தபோது 'டிக்' என்று சத்தம் கேட்டது. "இத்தன வருசமா இதயவா வயித்துல வெச்சிருந்தேன்?" என்று அம்மிச்சி சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

இதைத் தொப்புள் கல் என்பார்கள். செத்த தோலும் எண்ணெய்ப்பசையும் வருஷக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகி, காற்றுப் பட்டு மேல்பரப்பு கறுத்துவிடும். வெறும் கல்லாக இருக்கும்வரை தொந்தரவே தெரியாது. அதைச் சுற்றித் தோல் புண்ணாகும்போதுதான் கசிவும் வாடையும் வரும். ஊக்கையோ காதுக் குரும்பி எடுக்கிற குச்சியையோ வைத்து வீட்டில் நோண்டக் கூடாது. அடியில் இருக்கும் தோல் மெல்லியது, கிழிந்துவிடும்.

அரிப்பு, வாடை, சர்க்கரை

கசிவுக்கு அடிக்கடி காரணமாக இருப்பது பூஞ்சைத் தொற்று. கேண்டிடா என்கிற ஈஸ்ட் வகை. அக்குள், மார்புக்கு அடி, தொடை இடுக்கு என்று தோலும் தோலும் ஒட்டுகிற இடங்களில் வருவதுதான் இங்கேயும் வருகிறது. தொப்புளுக்குள் சிவந்து, பளபளவென்று ஈரமாக, தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். அரிப்புதான் முன்னால் வரும். சிவப்பின் ஓரத்தில் குட்டிக் குட்டிப் பருக்கள் தெறித்தாற்போல இருந்தால் கேண்டிடா என்று டாக்டர்கள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள்.

பாக்டீரியாத் தொற்று வேறு மாதிரி. அதில் அரிப்பைவிட வலி அதிகம். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ், கெட்ட வாடை, தொட்டால் சுடும் தோல், சில சமயம் மேலே காய்ந்த பொருக்கு. தொப்புளைச் சுற்றிலும் சிவப்பு படர்ந்துகொண்டே போனால் தாமதிக்கக் கூடாது. தொப்புள் குத்திக்கொள்ளும் இளைஞர்களுக்கு இது அதிகம். காதுகுத்து ஆறு வாரத்தில் ஆறுகிற மாதிரி தொப்புள் குத்தியது ஆறாது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம்வரை ஆகும், அதுவரைக்கும் அது ஒரு திறந்த புண்தான்.

இந்த இரண்டு தொற்றுக்கும் சர்க்கரைக்கும் நெருங்கிய உறவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பூஞ்சைக்குத் தீனி, உடம்பின் எதிர்ப்புக்கோ பின்னடைவு. ஆகவே தொப்புளில் பூஞ்சை வந்தவருக்கு, அதிலும் திரும்பத் திரும்ப வந்தவருக்கு, சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்று கணக்கு. அதற்காக டவுனுக்கு ஓட வேண்டியதில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடியே வருகிறது. சித்தப்பாவுக்கும் அப்படித்தான் இப்போது வருகிறது.

கிரீமைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சித்தப்பா கடையில் வாங்கியது பூஞ்சை மருந்தும், பாக்டீரியா மருந்தும், வீரியமான ஸ்டீராய்டும் ஒன்றாகக் கலந்த கலவை. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். அதனால் 'நல்லா கேட்குது' என்று தோன்றும். ஆனால் அதே ஸ்டீராய்டு அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பையும் படுக்க வைத்துவிடும். பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். இந்தியா முழுக்கத் தோல் டாக்டர்கள் இன்று அலுத்துக்கொள்ளும், எளிதில் மசியாத படர்தாமரைக்கு இந்தக் கலவைக் கிரீம்கள் ஒரு பெரிய காரணம். 2018இலேயே மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. கடைக்குக் கடை அது எப்படி நடக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். கேண்டிடாவுக்கு டாக்டர்கள் கொடுப்பது பெரும்பாலும் குளோட்ரிமசோல் மாதிரி வெறும் பூஞ்சைக் கிரீம். இரண்டு முதல் நான்கு வாரம், அரிப்பு நின்றபிறகும் சொன்ன நாள்வரை, தடவ வேண்டும்.

எண்ணெய், மஞ்சள், 'பெச்சோட்டி'

தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். பரமத்தி வெயிலில் நின்றுவிட்டு வந்தவருக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய் இதமாகத்தான் இருக்கும். நல்ல தோலில், எப்போதாவது ஒரு சொட்டு விட்டுத் துடைத்துவிட்டால் நான் அதைக் குற்றம் சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஈரமாக, சிவந்து, கசிகிற தொப்புளில் தினமும் எண்ணெய் ஊற்றுவதுதான் தப்பு. காய வேண்டிய குழியை எண்ணெய் மூடி வைக்கிறது, தூசியும் பஞ்சும் அதில் அப்பிக்கொள்கின்றன. காங்கேயத்துச் செக்கில் ஆட்டின சுத்தமான தேங்காய் எண்ணெயானாலும் இதே கதைதான்.

மஞ்சள்தூளும் அப்படியே. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதன் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கசிகிற குழியில் தூளைக் கொட்டினால் அது கசிவோடு குழைந்து இறுகி, உள்ளே என்ன நிறத்தில் வருகிறது என்பதையே மறைத்துவிடும். மஞ்சளா, சீழா என்று பிரித்துப் பார்க்க டாக்டர் முதலில் அதைக் கழுவ வேண்டும். முகப்பவுடரும் கட்டிக்கட்டியாகித் தொல்லைதான் கொடுக்கும்.

வாட்ஸப்பில் ஒரு சேதி வருஷா வருஷம் சுற்றுகிறது. தொப்புளுக்குப் பின்னால் 'பெச்சோட்டி' என்று ஒரு சுரப்பி, அதில் 72,000 நரம்புகள், எந்த எண்ணெயை விட்டாலும் எந்த உறுப்பு காய்ந்திருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று. அப்படி ஒரு சுரப்பியே மனித உடம்பில் கிடையாது. பின்னால் இருப்பது சவ்வு, அதற்கு அடுத்து வயிற்றின் உள்ளுறை, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூர்ந்துபோன பழைய குழாய்களின் நார்கள். விட்ட எண்ணெய் குழியிலும் பனியனிலும்தான் போய்ச் சேரும்.

தோலிலேயே இன்னும் சில

முடி அதிகம் உள்ள இளைஞர்களுக்குத் தொப்புளுக்குள் முடி குத்தி உள்ளே இறங்கிவிடுவது உண்டு. பைலோனிடல் சைனஸ் என்று சொல்வார்கள். வழக்கமாக முதுகின் அடியில், ஆசன இடுக்கில் வருவது, தொப்புளிலும் வரும். கொஞ்சம் ரத்தமும் சீழும் கசியும், விரித்துப் பார்த்தால் அடியில் முடிக்கொத்து தெரியும். முடியை எடுத்து, சுற்றிலும் மழித்துச் சுத்தமாக வைத்தாலே பலருக்கு ஆறிவிடும். ஆறாவிட்டால் சின்ன அறுவை.

தொப்புளுக்குச் சற்றுக் கீழே மட்டும் அரித்து, தடித்து, நீர் வடிகிறது என்றால் பெல்ட் பக்கிளையும் ஜீன்ஸ் பட்டனையும் சந்தேகப்படுங்கள். அதில் இருக்கும் நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. பக்கிளை மாற்றினால் போதும், கிரீமே வேண்டியிருக்காது.

உள்ளேயிருந்து வருவது

யூராக்கஸுக்கு வருவோம். மூத்திரப்பையிலிருந்து தொப்புளுக்கு வந்த அந்தப் பழைய குழாய் நடுவில் பை மாதிரி தங்கிவிட்டால், வருஷக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு ஒரு நாள் சீழ் பிடிக்கலாம். தொப்புளுக்கும் அடிவயிற்றுக்கும் நடுவில் வலி, கட்டி, காய்ச்சல், மூத்திரம் போகும்போது எரிச்சல், கூடவே தொப்புளில் சீழ். குழாய் முழுசாகவே திறந்திருந்தால் தெளிந்த நீர் கசியும், மூத்திர வாடை அடிக்கும். இதற்கு ஸ்கேன் வேண்டும். முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்துச் சீழை வடித்துவிட்டு, அடங்கினபிறகு குழாயை முழுசாக எடுத்துவிடுவார்கள். அரைகுறையாக விட்டால் திரும்ப வரும். மிக அரிதாக அதில் புற்று தோன்றுவதும் உண்டு.

பெண்களுக்கு மட்டும் வரும் ஒன்று உண்டு. மாதவிலக்கு நாட்களில் தொப்புள் வலித்து, வீங்கி, ரத்தம் கசியும். நாலைந்து நாளில் தானாக நிற்கும். அடுத்த மாதம் அதே தேதியில் திரும்பும். கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு தொப்புளில் வளர்ந்திருப்பதுதான் காரணம். எண்டோமெட்ரியோசிஸ். அங்கே கறுநீலமாக ஒரு சின்னக் கட்டி தெரியலாம். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்கில் துணி வைத்துக் கட்டிக்கொண்டு சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். காலண்டரில் ரத்தம் வந்த தேதிகளை இரண்டு மாதம் குறித்துக்கொண்டு போனால் மகப்பேறு டாக்டருக்கு அதுவே பாதி விடை.

குடும்பக் கட்டுப்பாடு, பித்தப்பை, குடல்வால் என்று எதற்காக லேப்ராஸ்கோப்பி என்கிற துளை போட்டுச் செய்யும் அறுவை செய்தாலும் ஒரு துளை பெரும்பாலும் தொப்புளில்தான் போடுவார்கள். தையல் ஆறி, வேலைக்கும் போய், ஒன்றிரண்டு மாதம் கழித்து அந்த இடத்தில் முடிச்சு மாதிரி தடித்து, தண்ணீராகவோ வெள்ளையாகவோ கசிய ஆரம்பித்தால் அதைச் சாதாரணச் சீழ் என்று விடக் கூடாது. கருவிகள் சரியாகக் கிருமிநீக்கம் ஆகாதபோது, தண்ணீரில் வாழும் ஒரு வகை மைக்கோபாக்டீரியா அந்தத் துளையில் குடியேறும். காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு மசியாது. கசிவைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்த்து, மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டிவரும். 'அஞ்சு நாள் மாத்திரை, திரும்ப அஞ்சு நாள் மாத்திரை' என்று மூன்று தடவை ஓடியும் நிற்கவில்லை என்றால், ஆபரேஷன் செய்த கதையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். காசநோயும்கூட வயிற்றில் வந்து தொப்புள் வழியாகக் கசிவதுண்டு. பெருந்துறையில் சானடோரியம் இருந்த காலத்திலிருந்தே நம் பக்கம் காசநோய் என்றால் நெஞ்சும் இருமலும்தான் நினைவுக்கு வரும். அது வயிற்றையும் விடாது.

குடியால் ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத் தொப்புள் வெளியே பிதுங்கி, தோல் காகிதமாக மெலிந்திருக்கும். அது புண்ணாகி, மஞ்சள் நீர் சொட்டவோ பீறிட்டு வரவோ ஆரம்பித்தால் உயிருக்கு ஆபத்து. சுத்தமான துணியை வைத்து மூடி, அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், ஆறாத கெட்டி முடிச்சு. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சை டாக்டர் வில்லியம் மேயோவுக்கு அறுவையில் உதவியாக இருந்தவர் சிஸ்டர் மேரி ஜோசப். அறுவைக்கு முன் நோயாளிகளின் வயிற்றைக் கழுவித் துடைப்பது அவர் வேலை. சிலருக்குத் தொப்புளில் கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்படுவதையும், திறந்து பார்த்தால் அவர்களுக்கு வயிற்றில் புற்று பரவியிருப்பதையும் அவர் கவனித்துச் சொன்னார். 1939இல் அவர் இறந்தார்; 1949இல் அந்த முடிச்சுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இரைப்பை, குடல், கணையம், சினைப்பைப் புற்றுகள் இப்படித் தொப்புளில் தெரியலாம். முடிச்சு புண்ணாகி ரத்தமோ நீரோ கசியும். இது அரிது, அரித்துக் கசிகிற ஒவ்வொருவரும் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் கல் மாதிரி கெட்டியாக, அசையாமல், வாரக்கணக்கில் குறையாமல் இருக்கும் முடிச்சில் துளிச் சதை எடுத்துச் சோதிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கூடவே எடை குறைகிறது, பசி இல்லை என்றால் இன்னும் வேகமாக.

எத்தனை நாள் பார்க்கலாம்?

வலி இல்லை, காய்ச்சல் இல்லை, லேசான ஈரமும் வாடையும் மட்டும்தான் என்றால் மூன்று நாலு நாள் வீட்டிலேயே பார்க்கலாம். பண்ண வேண்டியது கொஞ்சம்தான். குளிக்கும்போது சாதா சோப்பு நுரையை விரல் நுனியில் எடுத்து உள்ளே மெதுவாகத் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புக் கரைத்து, சுத்தமான துணியை நனைத்துத் துடைப்பதும் நல்லது. முக்கியமானது அதற்குப் பிறகுதான்: துண்டு முனையை முறுக்கி உள்ளே ஒற்றி, ஈரம் சுத்தமாகப் போகும்வரை காயவைக்க வேண்டும். நம்மில் பலர் குளிப்பதை ஒழுங்காகச் செய்கிறோம், துவட்டுவதைத்தான் செய்வதில்லை. டெட்டாலை அப்படியே ஊற்றுவது, பஞ்சுக் குச்சியை அழுத்திக் குடைவது, பட்டை மாதிரி பேண்டேஜ் ஒட்டி மூடுவது எதுவும் வேண்டாம்.

நாலு நாளில் குறையவில்லை என்றால் டாக்டர். சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள் அந்த நாலு நாளும் காத்திருக்க வேண்டாம். சீழ், ரத்தம், பரவும் சிவப்பு, கட்டி, காய்ச்சல் இதில் எது இருந்தாலும் மறுநாளே போய்விடலாம். தொப்புள் பிதுங்கி, உள்ளே தள்ளினால் போகாமல், கெட்டியாகி, நிறம் மாறி, வாந்தியும் வந்தால் ராத்திரி என்றாலும் உடனே கிளம்புங்கள். அது குடலிறக்கம் சிக்கிக்கொண்டதாக இருக்கலாம். அந்த நேரத்தில் குடலேத்தம் எடுக்கிறவரிடம் போய் வயிற்றை நீவிவிடச் சொன்னால் குடல் கிழிந்துபோகும் அபாயம் உண்டு.

யாரிடம் போவது என்று குழம்ப வேண்டாம். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ குடும்ப டாக்டரோ போதும். தோல் பிரச்சினை என்றால் தோல் டாக்டருக்கும், உள்ளே வழி போகிறது என்றால் அறுவை சிகிச்சை டாக்டருக்கும் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். கோவை, பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல், சேலம் எல்லா இடத்திலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் ஸ்கேனுக்கும் கல்ச்சருக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. போகிற அன்று தொப்புளில் எண்ணெய், மஞ்சள், கிரீம் எதுவும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே போட்ட கிரீமின் டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள். பெயர் மறந்துபோச்சுங்க என்று நின்றால் டாக்டருக்கும் ஒன்றும் புரியாது.

கசிவு ஒரு நாள் இருக்கும், டாக்டரிடம் போகிற அன்று பார்த்து இருக்காது. அதனால் வரும்போதே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இதைச் சித்தப்பா ரொம்பச் சிரத்தையாகப் பிடித்துக்கொண்டார். போன வாரம் பேத்தியின் காதுகுத்துப் படங்களைக் காட்டுகிறேன் என்று உறவுக்காரர்கள் நடுவில் போனைத் தள்ளிக்கொண்டே வந்தவர், மொட்டை அடிக்கிற படத்துக்கும் மாமன் மடியில் உட்கார்ந்த படத்துக்கும் நடுவில் வரிசையாக ஆறு தொப்புள் படம் வந்ததும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசிப் படத்தில் தோல் நன்றாக ஆறியிருந்தது. பனியனும் வெள்ளையாகத்தான் இருந்தது.